விரலை எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள்

காந்த ஸ்விட்ச் கீபோர்டா, அது கேம் ஆடும் பசங்களுக்கு என்று ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் பாஸ் பண்ணிய விரல்கள் எத்தனை! இதை ரசிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அடிப்படையைச் சட்டென்று முடிக்கிறேன். கீயின் தண்டில் காந்தம், கீழே பலகையில் ஹால் சென்சார். காந்தம் இறங்க இறங்க மின்னழுத்தம் மாறும். கீ எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டது 1879-ல். ஹனிவெல் 1960களின் கடைசியிலேயே இதை கீபோர்டில் வைத்துவிட்டது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. கடலூர்ப் பக்கமுள்ள குடிகாடு போன்ற ஊரின் உப்புக்காற்றில் கான்டாக்ட் கறுக்குமே என்ற கவலை வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கீ பதியும் ஆழம் ஒன்று, விடுபடும் அளவு வேறொன்று. விமர்சனம் செய்கிறவர்கள் முதலாவதையே பிடித்துக்கொண்டு, 0.1 மி.மீ.யில் பதிகிறது, 8000 ஹெர்ட்ஸில் கணினிக்குத் தகவல் போகிறது என்று கூவுகிறார்கள். மேலோட்டமான பேச்சு. தமிழ் அடிப்பவருக்கு உயிர்நாடி இரண்டாவதுதான்.

சாதாரண மெக்கானிக்கல் கீ ஏறக்குறைய 2 மி.மீ.யில் பதியும், 4 மி.மீ. வரை அழுத்திவிட்டால், அந்தப் பழைய இடத்தைத் தாண்டி மேலே வந்தால்தான் மறுபடி அடிக்க முடியும். காந்தக் கீயில் ‘ரேபிட் ட்ரிகர்’ போட்டால், விரல் துளி எழும்பியதுமே விடுபடும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 முறையில், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதாவது தமிழில் ஒரே கீயை அடுத்தடுத்துத் தட்டுவது ஓயாத வேலை. இந்த வசதி நமக்கென்றே செய்ததுபோல் இல்லையா?

ஆனால் அளவைக் கண்டபடி குறைத்தால் விரல் நடுங்கியதும் ‘மகள்’ ‘மக்கள்’ ஆவாள், ‘படம்’ ‘பட்டம்’ ஆகும். பதிவதற்கு 1.5 மி.மீ., விடுபட 0.4 மி.மீ. என்று தொடங்குங்கள்.

ஸ்விட்ச் வாங்கும்போது காந்தத் துருவம் பாருங்கள். கீழ்நோக்கி வட துருவம் வைத்தவையும் உண்டு, தென் துருவம் வைத்தவையும் உண்டு. பலகைக்கு ஒத்துவராவிட்டால் கீ செத்ததுபோல் கிடக்கும். பலகை செய்தவர் தரும் பட்டியலை மீறாதீர்கள். மாற்றியதும் காலிபரேஷன் செய்யுங்கள். தண்டு ஆடினால் காந்தமும் ஆடும், அளவு பிசகும், ஆடாததாக வாங்குங்கள். வண்ண விளக்குக்குக் காசு கொடுப்பது வீண்.

ஒன்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். டைப்ரைட்டரில் பழகிய கை ஓங்கித்தான் அடிக்கும். மெல்லிய ஸ்பிரிங்தான் உசத்தி என்று இப்போது ஒரு ஃபேஷன், அதை நம்பாதீர்கள். 50 கிராமுக்குக் குறையாமல் போடுங்கள், விரல் தானாக மேலே வரும்.

பிறகு இந்த வரியை வேகமாக அடித்துப் பாருங்கள்: ‘அக்கா வைத்த கத்திரிக்காய் கொத்சு தட்டில் கொட்டிவிட்டது.’ ஏழு இடங்களில் மெய் இரட்டிக்கிறது. ஒன்று விட்டுப்போனால் விடுபடும் அளவை 0.1 குறையுங்கள், வேண்டாத இடத்தில் இரட்டித்தால் 0.1 கூட்டுங்கள்.