அலரும் அறத்தொடு நிலையும்: இமையத்தின் குடும்பக் கதைகளும் வாசகர் அவையும்

ஆசிரியன் உரைத்ததை நன்கு உளங்கொண்ட மாணவனுக்கும் புலமையில் காற்கூறே வாய்க்கும் என்றும், உடன் பயில்வாரோடு கலந்து பழகுதலால் மற்றொரு காற்கூறு நிரம்பும் என்றும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய இரு கூறும் நிறைவெய்தும் என்றும் பவணந்தியார் நன்னூலுள் வகுத்துரைத்தார். நூலைத் தனித்திருந்து கற்பதோடு அமையாது பலர் கூடி ஆராயும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும். இற்றை நாளில் பல ஊர்களிலும் இயங்கும் வாசகர் வட்டங்கள் அவ்வழக்கத்தின் வழிவந்தனவே. 1960-களின் இடைப்பகுதியில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி சென்னையில் தொடங்கிய பதிப்பகம் ‘வாசகர் வட்டம்’ என்றே பெயர் பெற்றது. அது 1965-இல் வெளியிட்ட லா. ச. ராமாமிருதத்தின் ‘புத்ர’, தாயொருத்தி தன் மகனுக்கு இட்ட சாபத்தைச் சுற்றி எழுந்த குடும்பக் கதையாகும். 1970-இல் தோன்றிய ‘இலக்கியச் சிந்தனை’ மாதந்தோறும் கூடி, இதழ்களில் வந்த சிறுகதைகளை ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தது.

இத்தகைய அவைகளில் குடும்பத்தின் எதிர்பார்ப்பையும், அதனால் விளையும் மனப்பிணக்கையும் பொருளாகக் கொண்ட புதினங்கள் விரும்பி ஆராயப்படுகின்றன. அவ்வாராய்ச்சியில் இரண்டு போக்குகள் தலைதூக்குவதைக் காணலாம். ‘பிழை யாருடையது?’ என வினவித் தீர்ப்பளிப்பது ஒன்று. ‘ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது’ என்று இரங்கி அமைவது மற்றொன்று. முன்னது கதைமாந்தரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. பின்னதோ அனைவரையும் ஒருசேர விடுவித்துவிடுகிறது. இவ்விரண்டும் நல்ல புதினத்திற்கு நீதி செய்யா என்பது எம் கருத்து. அதனை விருத்தாசலத்தில் வாழும் புதின ஆசிரியர் ஒருவருடைய படைப்புகளைக் கொண்டு நிறுவ முயல்வோம்.

தேவாரம் திருமுதுகுன்றம் எனப் போற்றும் விருத்தாசலம், மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த பழம்பதி. பீங்கான் தொழிலும், அத்தொழிலைக் கற்பிக்கும் பயிற்றகமும் அவ்வூர்க்கு அண்மைக்காலப் பெயரை ஈட்டித் தந்தன. 1964-இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய வெ. அண்ணாமலை என்னும் இமையம், இவ்வட்டாரத்து மக்களின் பேச்சையே தம் கலைக்குக் கருவியாகக் கொண்டவர். 1994-இல் வெளிவந்த ‘கோவேறு கழுதைகள்’ அவருக்குப் புகழ் தேடித் தந்தது. ஈண்டு நாம் எடுத்துக்கொள்வன, குடும்பத்தை நடுவிடமாகக் கொண்ட ‘பெத்தவன்’, ‘எங் கதெ’, ‘செல்லாத பணம்’ ஆகிய மூன்றுமாம்.

அளவுகோல்

மகளின் விருப்பத்திற்கும் பெற்றோரின் எதிர்பார்ப்பிற்கும் இடையே நேரும் முரணை நம் அகத்திணை மரபு நன்கறிந்திருந்தது. அம்முரணைத் தீர்க்க அது கண்ட வழியே அறத்தொடு நிற்றல். தலைவி தன் களவொழுக்கத்தைத் தோழிக்கு உணர்த்த, தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் முறையே உணர்த்துவது அதன் இயல்பு. தந்தையும் தமையனும் அதனை வெளிப்படக் கேளாது குறிப்பினாலேயே அறிவர் என்பது தொல்காப்பியர் கருத்து. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும், தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்கும் ஒரே கூற்றாய் அமைந்தவை. பெற்றோர் பிறழ உணர்ந்ததை மாற்றுதற்கு ஓர் ஏணியைப் போன்ற இவ்வழி, ஒவ்வொரு படியிலும் கேட்பதற்கு ஒருவரை நிறுத்தியிருந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

ஆயினும் இவ்வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய பண்புகள் பத்தினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணுகிறார். அவற்றுள் முதற்கண் நிற்பன பிறப்பும் குடிமையும். ஒத்த தலைமக்களையே அம்மரபு கொண்டமையால், உண்மை தெரிந்த அளவிலே பிணக்குத் தீர்தற்கு இடம் இருந்தது. ஒப்பில்லை என்று பெற்றோரும் ஊரும் கருதுமிடத்து, உண்மையை உரைத்தலால் மட்டும் என்ன பயன் விளையும்? அகத்திணை விடையளிக்காது விடுத்த இவ்வினாவையே இமையத்தின் கதைகள் எழுப்புகின்றன.

அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறாதவர். புதின மாந்தரோ பெயரும் சாதியும் தொழிலும் வருவாயும் உடையவர். ஆதலின் ஒன்றன் அளவுகோலை மற்றொன்றிற்குப் பொருத்துதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். இரண்டும் ஒன்றே என நாட்டுவது எம் நோக்கமன்று. பழைய வழியில் எப்படி எப்படியெல்லாம் கேட்பார் இருந்தனர் என்று அறிந்தால்தான், புதிய குடும்பத்தில் எந்தப் படி முறிந்தது என்பது புலனாகும்.

செல்லாத பணம்

2018-இல் வெளிவந்து, 2020-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இப்புதினத்தின் கதை மிகச் சுருங்கியது. பள்ளித் தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி பொறியியல் கற்றவள். வீட்டார் விரும்பாத நிலையில் ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். மணவாழ்வு துன்பமாக முடிகிறது. உடல் முழுதும் தீப்பட்ட அவள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்க, பெற்றோரும் தமையன் முருகனும் அண்ணி அருண்மொழியும் வெளியே காத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி என்று கூறத்தக்கது இக்காத்திருப்பே. பெரும்பகுதி உரையாடலால் நடக்கிறது. தீ எவ்வாறு பற்றியது என்னும் வினாவிற்கு ஆளுக்கொரு விடை கிடைக்கிறதேயன்றி ஆசிரியர் கூற்றாக ஒரு தீர்ப்பும் கிடைப்பதில்லை.

இக்கதையைப் ‘புரிதலின்மையால் விளைந்த கேடு’ என்று கூறி அமைதல் எளிது. ஆனால் கூர்ந்து நோக்கின் இரண்டு வேறு பொருள்கள் இதனுள் பின்னிக் கிடத்தல் தெரியவரும். நடேசன் தம் மகளைப் பிறழ உணர்ந்தவர் என்பதைவிட, அவளிடம் ஒன்றை எதிர்பார்த்தவர் என்பதே பொருந்தும். கல்வி மகளை எவ்விடத்திற்கு உயர்த்த வேண்டும் என்பதில் அவர்க்கு ஐயமே இல்லை. அவள் வேறொன்றை விரும்பினாள் என்பது அவர்க்கு விளங்காமலும் இல்லை. நன்கு விளங்கியதனாலேயே அவர் புண்பட்டார். ரேவதியும் ஓர் எதிர்பார்ப்பிற்குக் கட்டுப்பட்டவளே. தானே தேர்ந்த வாழ்வு தோற்றதெனத் தாய்வீட்டில் ஒப்புக்கொள்ளும்போது, பெற்றோர் கூறியதே மெய் என்றாகிவிடும். துன்பத்தை வாய்விட்டு உரைத்தலே தோல்வியாகும் வீட்டில் மகள் எங்ஙனம் அறத்தொடு நிற்பாள்?

இவ்விடத்தில் அருண்மொழியின் பங்கு தனித்து ஆராயத்தக்கது. குடும்பத்துள் இருந்தும் குருதித் தொடர்பின் சினத்திற்கு ஆட்படாமல் நிற்பவள் அவள் ஒருத்தியே. ரவியோடு அவள் நிகழ்த்தும் நெடிய உரையாடல் இப்புதினத்தின் உயிர்நிலை எனலாம். வீட்டார் வெறுத்தொதுக்கிய அவன் தன் பக்கத்தைக் கூற அங்கேதான் இடம் பெறுகிறான். அவன் கூற்று அவனைக் குற்றத்தினின்று விடுவிப்பதில்லை. மனைவியின் வீட்டாரிடத்து மதிப்பை எதிர்பார்த்து அது கிட்டாத ஆடவன், அச்சினத்தை மனைவியின் மேலேயே தீர்த்துக்கொள்ளும் கொடுமையை அவன் சொற்களே வெளிப்படுத்துகின்றன. அவனை வாசகர் மன்னிக்க வேண்டியதில்லை. எனினும் அவனைக் கேட்டாக வேண்டும். பழைய மரபில் தோழி நின்ற இடத்தில் அருண்மொழி நிற்கிறாள். ஆனால் தோழி மணத்திற்கு முன் பேசினாள். அருண்மொழியோ மருத்துவமனையில், எல்லாம் முடியும் தறுவாயில், கேட்கிறாள். ஏணியின் படி முற்றும் இல்லாமற் போகவில்லை. காலம் கடந்து வந்து சேர்கிறது. இதுவே இப்புதினத்தின் அவலம்.

தலைப்பின் பொருளும் இதனால் விளங்கும். திருமுதுகுன்றத்தில் இறைவன்பால் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஆற்றில் இட்ட பொன் வேறோர் ஊரிற் செல்லுபடியானது அக்கதை. அவ்வாற்றங்கரை ஊரின் புதின ஆசிரியர் எழுதிய இக்கதையிலோ, கையில் உள்ள பணமே செல்லாததாகிறது. மகளுக்காகத் தந்தை செலவிட விரும்பும் பணத்தை ஏற்கும் நிலையில் அவள் உடல் இல்லை. பணம் செல்லும் காலத்தில் அது தரப்படவில்லை என்பது மட்டுமன்று. அன்பைப் பணத்தாலும் படிப்பாலும் மட்டுமே கூறத் தெரிந்த ஒரு தலைமுறைக்கு வேறு மொழி இல்லாமற் போயிற்று என்பதும் இத்தலைப்பினாற் குறிக்கப்படுகிறது.

குறை ஒன்றும் கூறுதல் வேண்டும். காத்திருப்போரின் உரையாடல்கள் சிலவிடங்களில் கூறியது கூறலாய் நீள்கின்றன. காத்திருத்தலின் சலிப்பை உணர்த்த அந்நீட்சி தேவை என்று வாதிடலாமேனும், ரேவதியின் மணவாழ்வைப் பெரும்பாலும் பிறர் வாய்க் கேட்டே அறிய நேர்வதால், அவள் அகவுலகம் நமக்குப் போதிய அளவு திறக்கவில்லை என்பதை மறுத்தல் அரிது.

பெத்தவனும் எங் கதெயும்

2012-இல் வெளிவந்த ‘பெத்தவன்’ என்னும் நெடுங்கதை, எதிர்பார்ப்பு வேறு, பிறழ உணர்தல் வேறு என்பதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பழனியின் மகள் பாக்கியம் தாழ்த்தப்பட்ட சாதி இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். அவளைக் கொன்றுவிடுமாறு ஊர் தந்தைக்குக் கட்டளையிடுகிறது. அவனோ இரவோடிரவாக மகளை அவள் விரும்பியவனிடம் அனுப்பிவிட்டு, தான் நஞ்சுண்டு மாய்கிறான்.

இங்கு மறைந்து கிடக்கும் உண்மை யாதொன்றும் இல்லை. மகள் உள்ளத்தைத் தந்தை அறிவான். தந்தை உள்ளத்தை மகளும் இறுதியில் அறிகிறாள். குடும்பத்தினுள் புரிதல் முழுமை பெற்றுவிட்டது. அதனால் உயிர்ச்சேதம் நிற்கவில்லை. எதிர்பார்ப்பு வீட்டினுடையதன்று, ஊரினுடையது. புனைவின் எல்லைக்கு வெளியே இவ்வட்டாரம் கண்டதும் நினைக்கத்தக்கது. 2003-ஆம் ஆண்டில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளந்தம்பதியர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021-இல். புதுக்கூரைப்பேட்டையில் நஞ்சு பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்டது. புனைகதையில் தந்தையே அதனை ஏற்கிறான். இம்மாற்றத்தில் ஆசிரியரின் அறச்சார்பு வெளிப்படுகிறது. இதனை அறியாது ‘தலைமுறை இடைவெளி’ என்று பேசி முடிக்கும் வாசகர் அவை, கதையின் நடுப்பொருளையே தவறவிட்டதாகும்.

2015-இல் வெளிவந்த ‘எங் கதெ’ மற்றொரு திசையில் நமக்கு எச்சரிக்கை தருகிறது. வேலையின்றித் திரியும் கற்ற இளைஞன், பிள்ளைகளையுடைய கைம்பெண் கமலாவின்மேல் கொண்ட வேட்கையையும் பொறாமையையும் தானே உரைப்பதாக அமைந்தது அக்கதை. கமலாவின் சொல் ஒன்றேனும் அவன் வாய்வழியன்றி நமக்கு எட்டுவதில்லை. ஒருவன் மனம்விட்டுப் பேசுவதாலேயே அவன் கூறுவன உண்மையாகிவிடா என்பதை வாசகர் இங்கு உணர வேண்டும். பேச்சு மிகுந்தால் புரிதல் மிகும் என்னும் எளிய நம்பிக்கையை இக்கதை உடைக்கிறது.

வாசகர் அவையின் கடமை

அகத்திணையில் களவை அறிந்து பேசுவோர் இருவகையினர். ஊரார் பேசுவது அலர். தோழி பேசுவது அறத்தொடு நிலை. இருவரும் பேசும் செய்தி ஒன்றே. பேசும் நோக்கமும் கேட்கும் இடமும் வேறு. அலர், தலைவியைப் பேச்சுக்குப் பொருளாக்குகிறது. அறத்தொடு நிலை, அவள் சொல்ல இயலாததை உரியவரிடம் கொண்டு சேர்க்கிறது. புதினத்தைக் கூடி ஆராயும் அவையும் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘ரேவதி செய்தது சரியா? நடேசன் செய்தது தவறா?’ என வாக்கெடுக்கும் அவை, நாகரிகமான மொழியில் அலரே தூற்றுகிறது. பாக்கியத்தின் தலைவிதியை முடிவுசெய்யக் கூடிய ஊர்க்கூட்டத்திற்கும் அதற்கும் உள்ள தொலைவு நாம் எண்ணுமளவு பெரிதன்று.

அவ்வாறாயின் எவ்வாறு ஆராய்வது? மூன்று வினாக்களை முறையே எழுப்புதல் நலம் என யாம் கருதுகிறோம். யார் யாரிடம் எதனைச் சொல்லவில்லை என்பது முதலாவது. இது பிறழ உணர்தலின் இடத்தைக் காட்டும். சொல்லியிருந்தால் கேட்பதற்கு அவ்வீட்டில் ஒருவர் இருந்தாரா என்பது இரண்டாவது. இது முறிந்த படியைக் காட்டும். கேட்டவர் அதனை ஏற்றுக்கொள்ளும் உரிமையை அவர்தம் ஊரும் சாதியும் அளித்தனவா என்பது மூன்றாவது. இது எதிர்பார்ப்பின் வேரைக் காட்டும். ‘செல்லாத பணம்’ இரண்டாம் வினாவோடு நம்மை நிறுத்துகிறது. ‘பெத்தவன்’ மூன்றாம் வினாவிற்கு ஈர்த்துச் செல்கிறது.

பட்ட வகுப்புகளில் புதினம் பயிற்றுவோரும் இம்முறையைக் கையாளலாம். நன்னூலார் உடன் பயில்வார்க்கு அளித்த காற்கூறு, கற்ற கருத்தை ஒப்பிப்பதற்கன்று. தனித்துப் படிக்கையில் நாம் கேளாது விட்ட குரலைப் பிறர் வழியாகக் கேட்பதற்கே. கேட்பார் இல்லாத வீடுகளைப் பற்றி எழுதப்பட்ட கதைகளைக் கேட்கத் தெரிந்த அவையே ஆராயத் தக்கது.