கவிழாத குடை

தென்காசியில் ஆச்சி வீட்டுத் திண்ணையில் நான் மனப்பாடம் செய்த முதல் நூல் 'வெற்றி வேற்கை'. 'நறுந்தொகை' என்றும் அதற்குப் பெயர். 16-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் இயற்றியது என்பது மரபு. ஆச்சி ஒரு அடி சொல்லுவாள். நான் திருப்பிச் சொல்லுவேன்.

நிலையாமை சொல்லும் பகுதிதான் ஆச்சிக்குப் பிடித்தது. யானைமேல் குடைநிழலில் போனவர் கால் சோர்ந்து வேற்றூர் நடக்கலாம். பெருஞ்செல்வர் தருமக் கஞ்சிக்கு வந்து நிற்கலாம். பிச்சை கேட்டு நின்றவர் நாடாளலாம். ஏழடுக்கு மாடம் சரிந்து கழுதை மேயலாம். கழுதை மேய்ந்த அதே பாழ் நெல் குவியும் ஊராகலாம்.

இது வெறும் நீதிபோதனை அல்ல. மதுரை பாண்டியர் கையைவிட்டுப் போய் அங்கே நாயக்கர் ஆண்ட காலம் அது. தென்காசியில் ஒதுங்கிய ஒரு மரபின் அரசர், அதிகாரம் கைமாறுவதை வீட்டுக்குள்ளிருந்தே அறிந்தவர். ஊரே அதற்குச் சாட்சி. 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டுப் பாடலில் சொல்லிவைத்தார். கோபுரம் சிதைந்து தலைமுறைக் கணக்கில் மொட்டையாக நின்றது. 1990-இல் ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. ஆச்சி இரண்டையும் பார்த்தவள்.

கல்லூரியில் பாடம் நடத்த இந்நூலை மறுபடி எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பகுதியில் மாற்றம் இரு திசையிலும் நடக்கிறது. அரசன் இறங்கினால் இரவலன் ஏறுகிறான். மாடம் விழுந்தால் ஊர் எழுகிறது. அடுத்து வருகிறாள் பெண். மணக்கோலத்தில் நின்றவள் அங்கேயே பிணக்கோலம் பூண்டு, இறந்த கணவனைத் தழுவி, முடித்த கூந்தலை அவிழ்க்கிறாள். அவளுக்கு மட்டும் ஏறுகிற அடி இல்லை. செழிக்கும் ஊரில் பொன்வளைப் பெண்கள் வருகிறார்கள் என்பது உண்மைதான். அவர்கள் ஊரின் வளத்துக்கு அடையாளமாக வருகிறார்கள். கூந்தல் அவிழ்த்தவள் அங்கே திரும்பி வருவதில்லை.

நூலின் முற்பகுதியைப் புரட்டினால் காரணம் தெரியும். யாருக்கு எது அழகு என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. மன்னனுக்குச் செங்கோல் அழகு. பெண்ணுக்கு மறுத்துப் பேசாமை அழகு. தொடர்ந்து பெண்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள்: கணவனைப் பேணுபவள், உடலை மினுக்குபவள். மாற்றத்தைக் கற்பனை செய்யத் தெரியாத நூல் அல்ல இது. மேற்குலத்தான் கல்லாவிட்டால் கீழே இருப்பான், எக்குடியில் பிறந்தாலும் கற்றவரை மேலே அழைப்பார்கள் என்று துணிந்து சொல்கிறது. பிறப்பின் படிவரிசையையே அசைக்க முடிந்த கைக்குக் கணவனின் இடத்தை அசைக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அது அதிகாரமாகவே கண்ணில் படவில்லை, இயல்பாகத் தெரிந்தது. அதிகாரம் என்று பெயரிடாத ஒன்றின் நிலையாமையை யாரால் பாட முடியும்?

ஆச்சி இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்தவள். கூந்தல் அவிழும் அடியை ஒருநாளும் தயங்காமல் சொன்னாள். ஆனால் அச்சுப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, மறுத்துப் பேசாமையைச் சொல்லும் அடியை அவள் எனக்குக் கற்றுத்தரவே இல்லை. மறதியா, மனமில்லையா என்று கேட்க இன்று அவள் இல்லை.

சாரல் விழும் மாதங்களில் என்னைப் பக்கத்திலிருக்கும் குற்றாலத்துக்கும் கூட்டிப்போவாள். அந்த மண்ணின் நூலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய 'குற்றாலக் குறவஞ்சி'யில், ஊர் ஊராகக் குறி சொல்லித் திரும்பிய சிங்கியைக் கணவன் சிங்கன் சந்தேகத்தோடு விசாரிக்கிறான். காலில் கிடப்பது என்ன, அது யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்து, கேள்விக்குக் கேள்வி பதில் சொல்கிறாள். சிலம்பு சேலத்துப் பக்கம் குறி சொல்லிப் பெற்றது என்கிறாள்.

சிங்கியும் ஓர் ஆண் புலவரின் படைப்புதான். அவள் உடல்மேல் அந்தப் பாட்டின் கண் மேய்வதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவள் நகை தாலியோடு வந்ததல்ல, உழைத்துப் பெற்றது. கணவன் செத்தால் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாத நகை.

இப்போது வகுப்பில் இரண்டு நூல்களையும் சேர்த்தே வைக்கிறேன். நிலையாமைப் பகுதியை வாசித்து முடித்ததும் மாணவிகளிடம் ஒன்று கேட்பேன்: "இந்தப் பட்டியலில் விடுபட்ட குடை எது?" சொல்ல அவர்களுக்கு அதிக நேரம் ஆவதில்லை.