குணமாகாதவர்கள்

'டவுன்டன் ஆபி' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்காத ஒருவருக்கு ஒரே ஒரு பகுதியைப் போட்டுக் காட்டலாம் என்றால், நான் முதல் பருவத்தின் மூன்றாவது பகுதியைத்தான் எடுப்பேன். மூன்று ஆண்கள், மூன்று உடல்கள். ஆப்பிரிக்கப் போரில் கால் கெட்டுப்போன பணியாள் பேட்ஸ். ஆண்மேல் ஆசைப்படுவதை மறைத்து வாழும் பணியாள் தாமஸ். வீட்டுக்கு விருந்தாளியாக வரும் துருக்கியத் தூதரக இளைஞன் பமுக். வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அழகன். பொழுது விடிவதற்குள் செத்துப்போவது அந்த அழகன்தான். குறையே இல்லாத அந்த உடலை மூன்று பெண்கள் நள்ளிரவில் தாழ்வாரம் வழியாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தொடரை எழுதிய ஜூலியன் ஃபெலோஸ் இதைத் திட்டமிட்டுத்தான் அடுக்கினாரா தெரியாது. ஆனால் அந்தக் காலப் பிரபு வீடுகளில் ஆண்மை என்பதை எதை வைத்து அளந்தார்கள் என்று பிறகு ஆறு பருவங்களில் அவர் சொன்னதெல்லாம் இந்தப் பகுதியிலேயே விதையாகக் கிடக்கிறது.

கதை தொடங்குவது 1912இல், டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு. எஜமானரின் உடைகளைக் கவனிக்கும் அந்தரங்கப் பணியாளாக பேட்ஸ் வருகிறார், கையில் தடியோடு. பணியாட்களின் கீழ்த்தளம் முழுக்க ஒரே கேள்வி: இவரால் தட்டு தூக்க முடியுமா? மேலே இருப்பவர்களுக்குப் பரம்பரை, மானம் என்று ஆயிரம் கவலை இருக்கலாம். கீழே இருப்பவனின் ஆண்மைக்கு மாடிப்படியும் வெள்ளித் தட்டும்தான் பரீட்சை. பிரெண்டன் காய்ல் இந்தப் பாத்திரத்தைச் செய்த விதம் தனி ருசி. நொண்டுவதை அவர் 'நடித்துக் காட்ட'வில்லை. நிற்கும்போது எடையை எந்தப் பக்கம் வைப்பது, குனிந்து எஜமானரின் காலணியை எடுக்கும்போது எந்தக் கையை எங்கே ஊன்றுவது என்பதெல்லாம் வருஷக் கணக்காகப் பழகிய உடம்பின் கணக்காகத் தெரிகிறது. வலியை முகத்தில் காட்டுவதில்லை; காட்டினால் வேலை போய்விடும்.

அந்த மூன்றாம் பகுதியில் பேட்ஸ் ரகசியமாக ஒரு கருவி வாங்குகிறார். காலை நிமிர்த்தும் என்று சொல்லி விற்கப்படும் இரும்புக் கூண்டு, திருகாணிகளோடு. அதைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக வேலை செய்கிறார். வலி தாங்காமல் நிற்கிற ஒரு கட்டத்தில் வீட்டு நிர்வாகி மிசஸ் ஹியூஸ் பிடித்துக்கொள்கிறார். கால்சட்டையை உயர்த்திக் காட்டும்போது அந்த அம்மாளின் முகம் போகிற போக்கு இருக்கிறதே, ஃபிலிஸ் லோகன் ஒரு வசனமும் இல்லாமல் செய்த இடம். பிறகு இருவரும் ஏரிக்கரைக்குப் போய் அந்தக் கருவியை வீசி எறிகிறார்கள். இனி என்னைச் சரிசெய்துகொள்ள முயல மாட்டேன் என்று பேட்ஸிடம் சத்தியம் வாங்குகிறார் ஹியூஸ்.

இதே காட்சியை ஃபெலோஸ் ஐந்தாம் பருவத்தில் மறுபடி எழுதியிருக்கிறார். பலர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்த முறை தாமஸ். பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து, தன் இயல்பை மாற்றிக்கொள்ள லண்டனுக்குப் போகிறான். திரும்பி வந்து அறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்கிறான். முகம் வெளுத்து, வியர்த்து, உடம்பு சீழ்பிடிக்கிறது. இங்கேயும் கண்டுபிடிப்பது உடன் வேலை செய்யும் ஒரு பெண்தான், பாக்ஸ்டர். டாக்டர் கிளார்க்சன் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: ஊசியில் இருந்தது வெறும் உப்புநீர், சுத்தமில்லாத ஊசியால் வந்தது இந்தப் புண். இரும்புக் கூண்டும் இந்த ஊசியும் ஒரே வியாபாரம். ஒளித்துவைத்த வலி, புரையோடும் புண், தற்செயலாகப் பார்த்துவிடும் ஒரு பெண் என்று சட்டகம்கூட ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம். பேட்ஸுக்கு ஒரு ஏரி கிடைத்தது. கருவியை எறியலாம், பக்கத்தில் நின்று சிரிக்க ஒருவர் இருந்தார். தாமஸுக்கு எறிவதற்கு ஒன்றும் இல்லை. அவனுடைய 'நோயை' 1885ஆம் வருடச் சட்டம் குற்றமாகவே எழுதிவைத்திருந்தது. பிடிபட்டால் கடின உழைப்போடு இரண்டு வருடம் வரை சிறை. இங்கிலாந்தில் அது ஓரளவுக்காவது தளர்ந்தது 1967இல்தான்.

தாமஸாக வரும் ராப் ஜேம்ஸ்-காலியர் இந்தத் தொடரின் மிகச் சிறந்த நடிகர் என்று நான் சொன்னால் அதில் பாட்டியாக வரும் மேகி ஸ்மித்தின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஆணை விரும்பும் ஆணை வஞ்சகனாகவே எழுதுவது பழைய வழக்கம்; முதல் பருவத்தில் ஃபெலோஸும் அதில்தான் விழுந்தார். அவரைத் தூக்கிவிட்டது முதல் உலகப் போர். சோம் போர்முனையில் தாமஸ் பதுங்குகுழிக்கு மேலே கையை நீட்டி, லைட்டரைப் பற்றவைத்து, ஜெர்மன் குண்டு வரக் காத்திருக்கிறான். வந்ததும் அவன் முகத்தில் தெரிவது நிம்மதி. கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். காட்சி அப்படி முடிக்க விடுவதில்லை. அதற்குப் பிறகு இடது கையில் ஒரு கையுறை. அந்தக் கையுறையை ஜேம்ஸ்-காலியர் மறைப்பதும் இல்லை, காட்டிக்கொள்வதும் இல்லை. சிகரெட் பிடிக்கும்போது மட்டும் கண்ணில் படும்.

அந்தக் கையோடுதான் அவன் எட்வர்ட் கோர்ட்னி என்ற இளம் அதிகாரியைப் பார்த்துக்கொள்கிறான். நச்சுவாயுவில் கண் போனவன். நடக்கவும் கடிதங்களைச் சமாளிக்கவும் சொல்லிக்கொடுக்கும்போது, கண் தெரியாதவனின் கைமேல் தாமஸின் கை கொஞ்ச நேரம் தங்குகிறது. அவ்வளவுதான். ஆசையா, பரிவா என்று எழுத்தாளர் பிரித்துச் சொல்வதில்லை. அதுதான் அதன் அழகு. வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்றதும் கோர்ட்னி தற்கொலை செய்துகொள்கிறான். அதுவரை வஞ்சகன் என்று நாம் நினைத்த தாமஸ் உடைந்து அழுகிறான். ஆறாம் பருவத்தில் தாமஸையே அந்த எல்லைக்குத் தள்ளியது எனக்குச் சலிப்பு. ஒரே மனிதனை எத்தனை தடவைதான் தண்டிப்பது?

என் பெரிய மனத்தாங்கல் மேத்யூ. 1918இல் போர்முனையிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வருகிறான். சொத்துக்கும் பட்டத்துக்கும் வாரிசு அவன். இனி பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். பேட்ஸின் கால் ஒருவரின் வேலையைத்தான் கெடுக்கும். மேத்யூவின் முதுகெலும்பு ஒரு வம்சத்தையே நிறுத்திவிடும். அதனால் வீடே அவனைச் சுற்றிக் குசுகுசுக்கிறது. தனக்கு நிச்சயமான லவீனியாவை அவன் தள்ளிவிடும் காட்சியில் டேன் ஸ்டீவன்ஸ் பேசுவதில் தியாகத்தைவிட வெட்கம்தான் அதிகம். படுக்கையறைக்குப் பயனில்லாதவன் ஆண் இல்லை என்று அவனே நம்புகிறான். வீட்டின் மூத்த மகள் மேரி அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்தில் தள்ளிக்கொண்டு போகும் சில நிமிடங்கள் இந்தத் தொடரின் உச்சம். ஒருவரையொருவர் பார்க்க முடியாத நிலை; அவள் பின்னால், அவன் முன்னால் பார்த்தபடி. அதனாலேயே இருவரும் உண்மை பேசுகிறார்கள்.

அப்புறம் ஒரு நாள் லவீனியா தட்டோடு தடுமாற, மேத்யூ எழுந்து நின்றுவிடுகிறான். முதுகெலும்பு துண்டாகவில்லை, கன்றிப்போய்த்தான் இருந்ததாம். எனக்குக் கோபமே வந்தது. பேட்ஸின் காலும் தாமஸின் கையும் கடைசிவரை அப்படியே இருக்க, வாரிசின் உடம்பு மட்டும் பிழைத்துக்கொள்கிறது. எஸ்டேட்டுக்குப் பிள்ளை வேண்டும், கதையும் எஸ்டேட் பக்கம் சாய்ந்துவிட்டது. பிள்ளை பிறந்த அன்றே ஒரு கார் விபத்தில் அவன் சாகிறான் என்பது, நடிகர் விலகியதால் நேர்ந்த கொடூர நகைச்சுவை.

இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியது அமெரிக்காவின் 'போர்டுவாக் எம்பயர்'. 'டவுன்டன் ஆபி' போலவே அந்தத் தொடரும் 2010இல் தொடங்கியதுதான். மதுவிலக்குக் கால அட்லாண்டிக் சிட்டியில் நடக்கும் ரவுடிகள் கதை. அதற்குள் ரிச்சர்ட் ஹாரோ. அதே உலகப் போரில் முகத்தின் ஒரு பாதி போன குறிபார்ப்பு வீரன். மறுபாதியோடு பொருந்துமாறு வண்ணம் தீட்டிய மெல்லிய உலோக முகமூடி, மூக்குக்கண்ணாடியோடு சேர்ந்தது. இது கற்பனை அல்ல. ஆனா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி பாரிஸில் போர்வீரர்களுக்கு இப்படித்தான் செம்புத் தகட்டில் முகம் செய்துகொடுத்தார். லண்டனில் பிரான்சிஸ் டெர்வென்ட் உட் நடத்திய கூடத்துக்கு வீரர்களே வைத்த பெயர் 'தகர மூக்குக் கடை'. முகத்தசை அசையும், தகடு அசையாது என்பதுதான் அவற்றின் சிக்கல். ஜாக் ஹூஸ்டன் தன் நடிப்பு முழுவதையும் அந்தச் சிக்கலின் மேல்தான் கட்டியிருக்கிறார். பாதி வாயில் திணறி வரும் கரகரப்பான குரல், ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் ஒரு விழுங்கல், பேசுபவரின் பக்கம் நல்ல பாதியைத் திருப்பும் பழக்கம்.

அவன் கொலைகாரன். அதைத் தொடர் ஒருபோதும் மழுப்புவதில்லை. ஆனால் குடும்பப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பவன். இரண்டாம் பருவத்தில் நண்பனின் மனைவி ஏஞ்சலா அவனை வரைகிறாள். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, யாரும் கட்டாயப்படுத்தாமல் அவனே முகமூடியைக் கழற்றுகிறான். அவள் முகம் சுளிக்கவில்லை, இரக்கப்படவும் இல்லை, பென்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஏஞ்சலாவும் ஒரு முகமூடிக்காரி. அவள் காதலிப்பது பெண்களை, அது கணவனுக்குச் சொல்ல முடியாதது. இருவரும் அதைப் பேசுவதே இல்லை. எழுதியவர்கள் இதைக் கோடிட்டுக் காட்டாமல் விட்டதற்கே ஒரு சலாம் வைக்கலாம். பிறகு ஜூலியா என்ற பெண் வருகிறாள்; அவனுக்கு முத்தமும் கல்யாணமும் கிடைக்கின்றன. அவளுக்கு முன்னால் அவன் ஆணாக நிற்பதற்கு முகம் முழுசாக வேண்டியிருக்கவில்லை.

நான்காம் பருவத்தின் முடிவில் ஹாரோ சாகும்போது, அவன் மனசுக்குள் ஊர்போய்ச் சேருகிறான். அங்கே அவன் முகம் முழுசாகிவிடுகிறது. இதுவும் மேத்யூ எழுந்த மாதிரிதானே என்று கேட்கலாம். எனக்கும் அந்த நெருடல் இருக்கிறது. ஆனால் இது சாகிறவன் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட முகம். டாக்டர் தீர்ப்பை மாற்றி எழுதிக் கொடுத்தது அல்ல. அதனால் மன்னித்துவிடுகிறேன். மேத்யூ விஷயத்தில் முடியவில்லை. அந்த நாற்காலியிலேயே அவனை இன்னும் ஒரு பருவம் உட்காரவைத்து, மேரியைக் கட்டிவைத்து, சொத்து யாருக்கு என்று வீடு அடித்துக்கொள்ள விட்டிருந்தால், டேன் ஸ்டீவன்ஸும் மிஷெல் டாக்கரியும் அதைப் பிரமாதமாகச் செய்திருப்பார்கள்.