ஸைட்போர்டுக்கு ஒரு வேலை

மரச்சாமான்களைப் பற்றி எழுத நாவலாசிரியனுக்கு என்ன பாத்தியதை என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு என்பதே என் கட்சி. கதையில் ஒரு வீட்டைக் கட்டும்போது கூடத்தில் என்ன கிடக்கிறது என்று சொல்லாமல் அந்த வீட்டு மனிதர்களை நம்ப வைக்க முடியாது. சாய்வு நாற்காலி என்று எழுதினால் பின்னாலேயே ஒரு தாத்தா வந்துவிடுகிறார். ஊஞ்சல் என்று எழுதினால் கால் கொலுசு கேட்கிறது. 'ஸைட்போர்டு' என்று எழுதினால் யார் வருகிறார்கள்? சென்னைக் கதையில் இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம்.

சாப்பாட்டு அறையில் சுவரை ஒட்டி நிற்கும் நீண்ட மேஜை அது. மேலே பதார்த்தங்களை வைக்கப் பலகை; கீழே இழுப்பறைகள்; இரண்டு ஓரத்திலும் கதவு போட்ட அறைகள். அடையாறிலும் தியாகராய நகரிலும் ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு இப்போது இதன் மேல் ஒரு மோகம். நூறு வயது ஆனது 'ஆன்டிக்', ஆகாதது 'விண்டேஜ்' என்று ஒரு கணக்கு உண்டு. வியாபாரிகள் அந்தக் கணக்கை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை.

இதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் உருப்பெற்ற சாமான் இது. கட்டிடக் கலைஞர் ராபர்ட் ஆடம், பரிமாறும் மேஜையின் இரு பக்கமும் தாழிகள் ஏந்திய பீடங்களை நிறுத்தினார். பிறகு வந்த தச்சர்கள் எல்லாவற்றையும் ஒரே உடம்பாக்கினார்கள். 1788இல் வெளியான ஹெப்பிள்வைட்டின் மாதிரிப் புத்தகத்தில் அந்த உருவம் தெளிவாகவே இருக்கிறது. ஒயின் புட்டி வைக்க ஓர் இழுப்பறை, தண்ணீர் ஒழுகாதபடி ஈயத்தகடு அடித்த இன்னொன்று என்று ஒவ்வொரு அறைக்கும் ஓர் உத்தியோகம். ஓரத்து அறைக்கு இருந்த உத்தியோகத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. விருந்து முடிந்து ஸ்திரீகள் எழுந்து போனபின் குடித்துக்கொண்டே இருக்கும் கனவான்கள் வெளியே போகச் சோம்பல்பட்டார்கள். அவர்களுக்காக அதில் மூத்திரப் பாத்திரம் இருந்தது! 1784இல் இங்கிலாந்துக்குப் போன பிரெஞ்சுக்காரர் லா ரோஷ்ஃபுகோ இதைப் பார்த்துத் திகைத்து எழுதி வைத்திருக்கிறார். அந்த ரகத்தில் ஒன்று மயிலாப்பூருக்கு வந்து, யாராவது ஒரு பாட்டி அதே அறையில் பஞ்சபாத்திரத்தை வைத்திருந்தால், பாவம், அவளிடம் யாரும் சொல்லாமல் இருப்பதே புண்ணியம்.

சென்னையில் வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்ட பங்களாக்களில் சமையல்கட்டு பெரும்பாலும் பின்னால் தனிக் கட்டிடம். புகையும் வாசனையும் துரைக்கு எட்டக் கூடாது. பதார்த்தம் முற்றத்தைத் தாண்டி வந்து இளைப்பாற ஓர் இடம் வேண்டும். அங்கிருந்து பட்லர் எடுத்துப் பரிமாறுவான். உள்ளூர் ஆசாரிகள் சீமை மாதிரியைப் பார்த்துத் தேக்கிலும் ஈட்டியிலும் செய்து கொடுத்தார்கள். பல சமயங்களில் இவை சீமைச் சரக்கைவிட உசத்தி என்பேன். மட்ட மரத்தின் மேல் மஹோகனிச் சீவல் ஒட்டி வந்தவை நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் உரிகின்றன. முழுத் தேக்குக்கு அந்தக் கவலை இல்லை.

நம் வீடுகளில் நிலைமை வேறு. தரையில் இலை. அடுப்பிலிருந்து இறங்கிய பாத்திரம் பரிமாறுகிறவள் கையோடு பந்திக்கு வருகிறது. நடுவே எங்கும் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, சாதம் பட்ட இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தாக வேண்டும். ஸைட்போர்டின் பிரெஞ்சு பாலிஷோ அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. கொதிக்கிற ஈயச்சொம்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஈரம் நின்றால் மேலெல்லாம் பூக்கும். ஆசாரத்துக்கும் அரக்குக்கும் ஒத்துவரவே வராது.

ஆனாலும் வந்து சேர்ந்தது. 1947ஐ ஒட்டி ஊருக்குக் கப்பலேறியவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார்கள். மவுண்ட் ரோடு ஏலங்களிலும், 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டிலும் அந்தக் காலத்துச் சாமான்கள் கைமாறின. லஸ் பக்கத்து வக்கீல் வீடுகளில் ஸைட்போர்டு ஏறிய இடம் கூடம். மேலே ரேடியோ. ஓரத்து அறையில் வருஷம் முழுவதும் துணி சுற்றிய கொலு பொம்மைகள். இழுப்பறையில் ரேஷன் கார்டு, நூல்கண்டு, விபூதிப் பொட்டலம், யாரோ விட்டுப்போன மூக்குக் கண்ணாடி. இப்படிப் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சாமானை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல உரைகல் தெரியவில்லை. பாத்திரம் கதைக்குள் எப்படி நுழைந்தது என்பது பெரிதல்ல. நுழைந்தபின் அதற்கு வேலை இருக்கிறதா? இவற்றுக்கு இருந்தது.

இன்றைய கடைச் சரக்கில் நான் காண்கிற குறையும் இதுதான். சுரண்டித் தேய்த்து, கண்ணாடிபோலப் பளபளக்கும் புதுப் பூச்சுப் பூசி, நூறு வருஷத்துத் தழும்புகளைத் துடைத்துவிட்டுப் பழமை என்ற பெயரில் விலை சொல்கிறார்கள். வாங்குகிறவர் முகப்புச் செதுக்கலைப் பார்த்து மயங்க வேண்டாம். இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துப் பார்க்கட்டும். மூலையில் பலகைகளைப் புறா வால்போல் விரிந்த பற்களால் கோத்திருப்பார்கள். கையால் அறுத்தது என்றால் பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் பேதமாக இருக்கும். முதுகுப் பலகையில் மெருகு இராது. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி தென்பட்டால், அது 1930களுக்கு முன் முடுக்கியதல்ல. சாமான் பழையதாகவே இருந்தாலும் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இதையாவது மன்னிக்கலாம். இன்னொரு ரகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. செட்டிநாட்டு வீடுகள் இடிகிறபோது கதவும் நிலையும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. அந்தக் கதவை முழுசாக வாங்கி வேறு வீட்டு வாசலில் மாட்டினால் சந்தோஷம். கதவு கதவாகவே இருக்கும். குறுக்கே அறுத்து, யாளியின் தலை ஒரு பக்கமும் கஜலக்ஷ்மியின் பாதி மறுபக்கமுமாக ஒரு பெட்டியின் முகத்தில் ஒட்டி, 'பாரம்பரிய ஸைட்போர்டு' என்று நிறுத்துகிறார்களே, அது எந்தப் பாரம்பரியம்? நல்ல காவியத்தில் நான்கு வரியைக் கிழித்துக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பது போன்ற காரியம்.

சாப்பாட்டு அறைக்கென்று நாம் ஒன்றும் செய்து வைக்கவில்லையா என்றால், செய்திருந்தோம். கம்பிவலை அலமாரி. நாலு கால், ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில். எறும்பு ஏறாது, பூனை திறக்காது, காற்று மட்டும் போய் வரும். காய்ச்சின பால், உறைமோர், மிச்சக் குழம்பு, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றுக்கும் அதில் இடம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. இருட்டிலும் கை தானாகப் போகும். வலைக் கதவும் ஆங்கில 'மீட் ஸேஃப்' வழியாக வந்த யோசனையாக இருக்கலாம். பாதகமில்லை, மாமிசம் வைத்த பெட்டியில் தயிரை வைத்து நம்முடையதாக்கிக்கொண்டோம். ஃப்ரிட்ஜ் வந்ததும் அது மாடிப்படிக்கு அடியில் போய்ப் பழைய செருப்புகளைக் காத்தது. பிறகு பழைய சாமான்காரன் தள்ளுவண்டியில் ஏறியது. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, பழைய சாமான் ஒன்று அவசியம் வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்கிற மயிலாப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்வது: சித்தப்பா வீட்டுப் பரணிலும் பின்கட்டிலும் முதலில் தேடுங்கள். வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே காற்றாட இருக்க இன்றைக்கும் இடம் தேடி அலைகின்றன. வாழைப்பழமும் அப்படித்தான். வலை கிழிந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். புது வலை அடித்துக் கொடுக்க ஓர் ஆசாரிக்கு அரை நாள் போதும்.