கட்டடமும் கருப்பொருளும்

ஒரு தொழிற்கூடம் இயங்கும் காலத்தில் அதன் புகையும் ஓசையுமே அண்டை வீட்டார்க்குத் தெரியும். அதன் வடிவம் தெரிவதில்லை. உலை அணைந்து, ஆளரவம் ஒழிந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்த பின்னரே ஒளிப்படக் கருவி அதனை நாடிச் செல்கிறது. வீட்டருகே உள்ள பழைய தொழிற்கட்டடங்களைப் படமெடுப்பது இன்று பலரும் விரும்பும் கலையாகிவிட்டது. அக்கலை எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது விடுகிறது என்பது ஆராயத்தக்கது.

இத்துறையின் முன்னோடிகளாகக் கருதப்படுபவர் செருமனி நாட்டின் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இணையராவர். பெர்ண்ட் 1931இல் சுரங்கத் தொழில் சூழ்ந்த சீகன் நகரில் பிறந்தவர். தம் ஊர்ப்புறத் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றாய் மறைவதைக் கண்டவர். 1959 முதல் இருவரும் இணைந்து ஊதுலைகளையும் நீர்த்தொட்டிகளையும் எரிவாயுக் கலங்களையும் படமெடுத்தனர். மேகம் மூடிய வானம், நேர்நோக்கு, கறுப்பு வெள்ளை, ஆளில்லாத் தோற்றம் ஆகியன அவர்தம் நெறிகள். ஒரே வகைக் கட்டடத்தின் பல படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டினர். 1970இல் வெளிவந்த நூலுக்குப் 'பெயரறியாச் சிற்பங்கள்' எனப் பொருள்படும் தலைப்பிட்டனர். 1990இல் வெனிசு நகரக் கலைக்காட்சி அவர்களுக்குச் சிற்பத்திற்குரிய பரிசையே வழங்கிற்று.

இப்படங்களின் பெருமை ஒப்பீட்டில் உள்ளது. ஒன்பது நீர்த்தொட்டிகளை ஒருங்கே காண்பவன் அவற்றின் ஒற்றுமையையும் வேற்றுமையையும் தானே உணர்கிறான். ஆள் நின்றால் கண் வடிவத்தை விட்டு ஆளிடம் செல்லும் என்பது இந்நெறிக்குரிய நியாயமாகலாம். ஆயினும், பொருளதிகாரம் கற்றவர்க்கு ஒரு குறை புலப்படும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு ஆகியவற்றோடு தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். இப்படங்களில் நிலம் உண்டு. பொழுதை மேகம் மறைக்கிறது. தொழிலின் கருவி உண்டு, தொழில் இல்லை. உலைமுன் நின்று வியர்த்தவன் யார் என்னும் வினாவுக்கு அங்கே விடையில்லை.

சிங்கப்பூரில் இக்குறை மேலும் பெரிதாகிறது; இங்குப் பெரும்பாலும் கட்டடமே எஞ்சுவதில்லை. காலாங்கில் 1862இல் நிறுவப்பெற்ற எரிவாயு ஆலை 1998இல் மூடப்பட்டது. அதன் உறுப்புகள் சில ஆற்றங்கரைப் பூங்காவில் சிற்பமாயின. வடிவம் பிழைத்தது, அதன் வேலை மறைந்தது.

தேக்கா வட்டாரத்தில் கெர்பாவ் சாலையில் தான் டெங் நியா என்பாரின் மாளிகை உள்ளது. 1900இல் எழுந்த அவ்வீட்டின் பன்னிற மரக்கதவுகளைப் படமெடுக்காத பயணியர் குறைவு. அவர் கரும்பிலிருந்து இனிப்புப் பண்டம் செய்யும் ஆலைகளை நடத்தினார் என்பதையும், வீட்டின் பின்புறம் ரப்பர் புகைக்கூடம் இருந்தது என்பதையும் அப்படங்கள் கூறா. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடும் கட்டுமானத் தொழிலாளர் அவ்வீட்டின் முன் நின்றால், அவர் விலகும்வரை காத்திருந்து படமெடுப்பதே அழகெனக் கருதப்படுகிறது. பெக்கர் இணையர் ஆளை விலக்கியது வடிவத்தை ஒப்பிடுவதற்காக, இங்கோ வண்ணத்திற்காக.

இதற்கு மாறாக, படமே இல்லாத ஓர் இடத்தைத் தமிழர் வைத்த பெயர் காத்து நிற்கிறது. சிராங்கூன் சாலையோரம் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்யும் சூளைகள் இருந்தன. அதனால் அவ்விடம் 'சுண்ணாம்புக் கம்பம்' எனப்பட்டது. வீரமாகாளியம்மன் கோயிலும் முன்னாளில் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என வழங்கிற்று. அச்சாலையில் 1858 முதல் அரசாங்கச் செங்கற் சூளையும் இயங்கிற்று. அதில் உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவரும் அத்தகைய கைதிகளே. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் வெல்லமும் கலந்த சென்னைச் சாந்தை அவர்கள் அதன் சுவர்களில் பூசினர். சூளைகள் இன்று இல்லை. ஆனால் சுண்ணாம்புக் கம்பம் என்னும் பெயரில் நிலமும் தொழிலும் ஒருங்கே நிற்கின்றன. அப்பெயரும் இன்று முதியோர் நாவிலும் கோயில் வரலாற்றிலுமே பெரிதும் வாழ்கிறது என்பது கவலைக்குரியது.

ஆகவே, ஒளிப்படம் வேண்டாம் என்பது முடிபன்று. படத்தோடு சொல்லும் வேண்டும் என்பதே முடிபு. கட்டடத்தைப் படமெடுக்கும் மாணவன் அதனடியில் மூன்று செய்திகளை எழுதுதல் வேண்டும்: இது எந்த இடம், எக்காலத்தது; இங்கு நடந்த வேலை யாது; அவ்வேலையைச் செய்தவர் யாவர். முதலிரண்டை ஆவணங்களில் காணலாம். மூன்றாவதைப் பெரும்பாலும் முதியோரைக் கேட்டே அறிதல் வேண்டும். கட்டடம் இடிபடும் நாளை அரசு முன்னரே அறிவிக்கும். நினைவு மறையும் நாளை எவரும் அறிவிப்பதில்லை.