பிரேக்கைத் தொடாத இறக்கம்

வான்கூவரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் இருக்கிறது விஸ்லர். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த மலை. பனி உருகியதும், சறுக்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற அதே சேர்லிஃப்டில் சைக்கிள்கள் மேலே போகின்றன. 1999இல் இங்கே பைக் பார்க் திறந்தார்கள். மலைச்சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும் டவுன்ஹில் ஓட்டுகிற எவரும் ஒரு முறையாவது போய்விட வேண்டும் என்று நினைக்கும் இடம் அது. நண்பர்களோடு ஒரு வாரக்கடைசியை அங்கே கழித்துவிட்டு வந்தேன். அதிலிருந்து எனக்கு மண்ணைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது. அதை வெட்டி, குவித்து, அடித்து இறுக்கித் தடமாக்குகிறவர்களின் கைவேலையைப் பற்றி.

ஏ-லைன் என்ற தடத்தை எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு வைரக் குறி போட்டது, அதாவது கைதேர்ந்தவர்களுக்கானது. மேலிருந்து கீழ்வரை தாவல்களும் வளைவுகளும்தான். பெரும்பாலான தாவல்கள் டேபிள்டாப் வகை: மேல்நோக்கி வளையும் ஒரு முகப்பு, நடுவே தட்டையான மேடு, அதற்கு அப்பால் ஓர் இறங்குசரிவு. வேகம் போதாமல் தாவியவர் நடு மேட்டிலேயே இறங்கிவிடலாம். முதுகு கொஞ்சம் அதிரும், அவ்வளவுதான். தாவவே விரும்பாதவர் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பாமல் உருண்டு போகலாம். சரியான வேகத்தில் வந்தவர் காற்றில் எந்தக் கோணத்தில் விழுகிறாரோ, ஏறக்குறைய அதே கோணத்தில் சரிவு அவருக்காகக் காத்திருக்கும். டயர் மண்ணைத் தொடும் சத்தம் காதுக்குக் கேட்கும், மூட்டுக்குத் தெரியாது. சமதரையில் விழுந்திருந்தால் முழங்காலில் இறங்கியிருக்கும் விசை, இங்கே முன்னால் போகும் வேகமாகிவிடுகிறது. அந்த வேகம் அடுத்த தாவலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாக இருக்கும்படி இடைவெளியைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெடலை மிதிக்க வேண்டாம், பிரேக்கையும் பிடிக்க வேண்டாம். ஒரே தடம் பயந்தவரையும் பறக்கிறவரையும் ஏற்றுக்கொள்வதை நான் பெரிய கலைத்திறன் என்றே சொல்வேன்.

வளைவுகளின் வெளிப்பக்கம் மண்ணைச் சுவராக எழுப்பியிருப்பார்கள். பெர்ம் என்பார்கள் அதை. தட்டையான தரையில் வேகமாகத் திரும்பினால் டயரின் பிடிப்பு ஒன்றுதான் துணை. நாலு சரளைக்கல் கிடந்தால் அதுவும் போச்சு. பெர்மில் சைக்கிளோடு தரையும் சாய்ந்திருப்பதால், நம்மை வெளியே தள்ளப் பார்க்கும் விசை டயரை மண்ணோடு சேர்த்து அழுத்துகிறது. நல்ல பெர்ம் எது என்று ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை அதன் வளைவு சீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் போகப் போக விரிய வேண்டும். பாதியில் இறுகினால் கை தானாக பிரேக்குக்குப் போகும். பிரேக் பிடித்தால் சாய்ந்திருந்த சைக்கிள் நிமிர்ந்து எழுந்து, நினைத்த கோட்டை விட்டு விலகும். சுவர் சீக்கிரமே முடிந்துவிட்டால் இன்னும் மோசம், வெளியேறும் நேரத்தில் சாய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஏ-லைனின் பெர்ம்களில் நான் இந்தக் குறைகளைக் காணவில்லை. வேகத்தைக் குறைப்பதெல்லாம் நுழைவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு கண் வெளியேறும் இடத்தில் இருந்தால் போதும், தோளும் இடுப்பும் தாமாகத் திரும்புகின்றன.

இந்த விளையாட்டு பிரேக்கோடு பட்ட பாடு பழைய கதை. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மலைச்சாலையில் சில இளைஞர்கள் நேரம் குறித்து இறக்கப் பந்தயம் விட்டார்கள். ரீபேக் பந்தயம் என்று அதற்குப் பெயர். மலைச் சைக்கிளின் முன்னோடிகளான சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர்கள். ஓட்டியது பழைய பலூன் டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் அந்த இறக்கத்தில் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம்; ரீபேக் என்ற பெயரும் அதனால்தான். இன்றைய டவுன்ஹில் சைக்கிளில் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷனும், ஒற்றை விரலால் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் இருக்கின்றன. ஆனாலும் அதைவிடப் பெரிய மாற்றம் தடத்தில் நடந்ததுதான். வேகத்தை எங்கே கொடுப்பது, எங்கே வாங்கிக்கொள்வது என்பதை இப்போது மேடும் பள்ளமும் பார்த்துக்கொள்கின்றன.

நண்பர்களோடு போவதன் முழுச் சுகம் வரிசையாக இறங்கும்போதுதான் கிடைக்கிறது. தடம் நன்றாகத் தெரிந்தவர் முதலில், அடுத்தடுத்து மற்றவர்கள், நடுவே சில சைக்கிள் நீள இடைவெளி. தாவலுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை வார்த்தையில் சொல்லிக் கொடுக்க முடியாது. முன்னால் போகிறவரின் வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்துவிடும். "என் பின்னாடியே வா மச்சான், பிரேக்கை மட்டும் தொட்டுடாதே" என்பான் எங்களில் மூத்தவன். அவன் முகப்பில் ஏறி மறைவான். அடுத்த கணம் நானும் அதே முகப்பில் இருப்பேன். அப்போது அவன் சக்கரம் எதிர்ச் சரிவைத் தொடுவது கண்ணுக்கு நேரே தெரியும். நால்வர் ஒரே இடைவெளியில் எழுந்தும் இறங்கியும் போவதை லிஃப்டில் ஏறிக்கொண்டிருப்பவர்கள் மேலிருந்து பார்த்துக் கூச்சலிடுவார்கள். பிறகு நாங்களும் லிஃப்டில் ஏறுவோம். கீழே போகிறவர்களைப் பார்ப்பதும், போன ஓட்டத்தில் யார் எந்த வளைவில் பயந்தார்கள் என்று அலசுவதுமாக அந்த நேரம் போகும். சில நாட்களில் லிஃப்டுக்கு அடியில் கருங்கரடி ஒன்று புல் மேய்ந்துகொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

இப்படி இழைத்த தடங்கள் ஓட்டுகிறவரைச் சோம்பேறியாக்கிவிடும், வேரும் பாறையும் நிறைந்த இயற்கையான இறக்கமே அசல் சோதனை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2011 உலகச் சாம்பியன்ஷிப், சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரி. செங்குத்தான தடம், மழையில் குழம்பிய சேறு. அதில் டேனி ஹார்ட் என்ற பிரிட்டிஷ் இளைஞர் 11 வினாடிக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். வினாடியின் சிறு பகுதிகளில் முடிவாகும் பந்தயம் இது. பின்சக்கரம் வழுக்கினாலும் அதைத் திருத்த அவர் அவசரப்படவில்லை. வழுக்கலையே கோட்டின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு இறங்கிய அந்த ஓட்டத்தின் படத்தை இன்னும் எங்கள் கூட்டத்தில் போட்டுப் பார்க்கிறோம். ஆனால் மண்ணைத் தானாகப் படிக்கும் அந்தக் கண்ணை எங்கே பழக்குவது என்று கேட்டால், ஏ-லைன் போன்ற தடங்களில்தான் என்பேன். எங்கே உடம்பை அழுத்த வேண்டும், எங்கே இலேசாக்க வேண்டும் என்பதை அவை கூட்டிச் சொல்கின்றன.

தடத்தைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. வளைவுக்கு முன்னால் எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பதால் அங்கே வரிவரியாகக் குழிகள் விழும். ஆகஸ்டு வெயிலில் மண் பொடியாகிக் கணுக்கால்வரை தூசியெழும். தண்ணீர் தடத்தின் வழியே ஓடினால் அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் இறக்கத்தின் நடுவே அங்கங்கே சிறு ஏற்றம் வைத்து, அதன் அடியில் தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுகிறார்கள். மண்வெட்டியும் ரேக்குமாகப் பணியாளர்கள் சுவரைச் செப்பனிடுவதை அருகே நின்று பார்த்தேன். நனைத்த மண்ணைக் கைப்பிடியில் அமுக்கினால் பிடியாக நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. புட்டுக்குப் பிசிறிய மாவின் பதம். அந்தப் பதத்தில் போட்டு, மண்வெட்டியின் பின்புறத்தால் கீழிருந்து மேலாக அடித்துக்கொண்டே போனார்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் தடம் முழுவதுமே அந்தப் பதத்துக்கு வந்துவிடும். ஓட்டுகிறவர்கள் ஹீரோ டர்ட் என்று கொண்டாடும் மண் அது. எவ்வளவு சாய்ந்தாலும் டயர் விடாது. போகிறவர்கள் அப்படி ஒரு காலையில் முதல் லிஃப்டைப் பிடியுங்கள். பி-லைன் என்ற தடத்தில் வளைவுகளையும் கிராங்க் இட் அப் என்ற தடத்தில் சிறு தாவல்களையும் பழகிக்கொண்டு, கை தளர்வதற்குள் ஏ-லைனுக்கு வந்துவிடுங்கள்.