டார்க் உச்சத்தில் கியர் மாற்றலாமா?

“டார்க் உச்சத்துல கியரை மாத்திடுங்க, அதுக்கு மேல இழுத்தா இன்ஜின் சும்மா கத்தும்.” வேகமெடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் இந்த அறிவுரையும் கூடவே வந்துவிடும். நானே நாலைந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

காரணம், திண்டிவனம்–திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கரும்பு லாரி. என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். டார்க் உச்சம் 4,000 ஆர்பிஎம், பவர் உச்சம் 6,000. மூன்றாவது கியரில் லாரிக்குப் பக்கவாட்டில் வந்தபோது முள் 4,000-ஐத் தாண்டியது. கை பழக்கத்தில் நாலாவதுக்குப் போனது. வண்டி இழுக்கவே இல்லை. எதிரே ஒரு பஸ் லைட் அடிக்கிறது. பிரேக் போட்டு மறுபடி லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். டீக்கடை வரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

அந்த அறிவுரை முழுப் பொய்யும் இல்லை. ஒரே கியரில் போகும்போது, முதுகை சீட்டோடு அதிகமாக அழுத்துவது டார்க் உச்சத்தில்தான். தப்பு அடுத்த படியில் வருகிறது. சக்கரத்துக்குப் போவது, இன்ஜின் டார்க்கை கியர் விகிதத்தால் பெருக்கி வரும் தொகை. மேல் கியருக்குப் போனால் அந்தப் பெருக்கமே சிறுத்துவிடும். இன்ஜின் டார்க் கொஞ்சம் இறங்கியதற்காக அதை விட்டுக்கொடுக்கலாமா?

ஹோண்டா எஸ்2000-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் விற்ற முதல் 2 லிட்டர் மாடலில் டார்க் உச்சம் 208 நியூட்டன் மீட்டர், 7,500 ஆர்பிஎம்மில். பவர் உச்சம் 8,300-ல். சிவப்புக் கோடு 9,000-ஐ ஒட்டி. முதல் கியர் விகிதம் 3.133, இரண்டாவது 2.045. 7,500-ல் முதல் கியர் தருவது 208 × 3.133, அதாவது சுமார் 652. இரண்டாவது கியர் தன் உச்சத்திலேயே தரக்கூடியது 425-தான். முதல் கியர் அதற்குச் சமமாக இறங்க வேண்டுமென்றால் இன்ஜின் டார்க் 136-க்கு விழ வேண்டும். 8,300-லும் அது 200-க்கு மேல் நிற்கிறது! இன்னொன்றும் இருக்கிறது. 7,500-ல் மாற்றினால் முள் 4,900-க்கு விழும். இந்த இன்ஜினின் விடெக் விழித்துக்கொள்வதோ 6,000-ஐ ஒட்டித்தான். 9,000-ல் மாற்றினால் 5,900 பக்கம் இறங்கி, கிட்டத்தட்ட அந்த வாசலிலேயே நிற்கும்.

அதற்காக ‘எப்பவும் சிவப்புக் கோடு வரைக்கும்’ என்பவர்கள் கட்சியிலும் நான் சேரவில்லை. ஸ்விஃப்டின் பழைய 1.3 டீசலைப் பாருங்கள்: 2,000-ல் 190 நியூட்டன் மீட்டர், 75 பிஎஸ் உச்சம் வரும் 4,000-ல் சுமார் 132-தான். அதற்கப்புறம் பவரும் சரிகிறது. முள்ளைக் கடைசி வரை விரட்டினால் சத்தம்தான் மிச்சம். ஒரே வேகத்தில், எந்த கியரில் இன்ஜின் அதிக பவர் தருகிறதோ அதுதான் வண்டியை அதிகமாக இழுக்கும். ஆகவே பவர் உச்சத்தைச் சற்றுத் தாண்டி, இரண்டு கியரிலும் பவர் சமமாகும் இடத்தில் மாற்ற வேண்டும். அந்தச் சமநிலை வருவதற்குள் சிவப்புக் கோடு வந்துவிட்டால், அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மைலேஜுக்காக ஓட்டும்போது இந்தக் கணக்கு வேண்டாம். சீக்கிரமாக மேல் கியருக்குப் போய்விடுங்கள். “சத்தம் வந்தா மாத்து” என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது அதற்குத்தான். லாரியை முந்துவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.